அரசியல் அறிவியல் படிக்கப்போகும் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டியவை

(நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியர்களுக்கான உயர்கல்வி வழிகாட்டிப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலையில் பேசியவர்கள் பொறியியல், செவிலியர் படிப்பு, பாலிடெக்னிக் எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரத்தை அரசியல் அறிவியலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பாடத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடமும் இதுதான். அதனால் வருத்தம் ஒன்றுமில்லை. தூக்கம் வருகிறவர்கள் தூங்கலாம். ஆனால் நான் செய்த ஒரு தவற்றை மட்டும் கேட்டுவிட்டுத் தூங்குங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்குளம் பகுதியில் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருந்தேன். பிளஸ் டூவில் ஒரு பையன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். வெளிச்சம் வருவதற்கு முன்பே மகனும் அவரோடு போய் சிரட்டைகளைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். அரசியல் அறிவியல் பாடத்தில் அப்படி ஓர் ஆர்வம். ஆளுநர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று பாடவேளை முடிந்த பிறகும் வராந்தாவில் நின்று கேட்பான். ஒருநாள், "சார், உங்களைப்போல வாத்தியார் ஆகணும். என்ன படிக்கணும்?" என்றான். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. "பி.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ் படி. முடிச்சதும் பி.எட். சேரு. அவ்வளவுதான் மக்ளே" என்றேன்.

மூன்று ஆண்டு கழித்து அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, உள்ளே மகனுடைய மதிப்பெண் பட்டியல்கள். "சாரே, பி.எட். கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க. இந்தப் பாடத்துக்கு எம்.ஏ. வேணுமாம். நீங்கதானே சொன்னீங்க?" கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் சொன்னது சரி. தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்கு வரலாறு, தமிழ், ஆங்கிலம், கணிதம் போன்ற பாடங்களில் இளநிலைப் பட்டம் போதும். அரசியல் அறிவியல், பொருளியல், வணிகவியல், சமூகவியல், உளவியல் போன்ற பாடங்களில் படித்தவர்களுக்கு முதுநிலைப் பட்டமும் வேண்டும். நான் வரலாறு படித்து வந்தவன். என் பாதையை அப்படியே அவனுக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். விளக்கக் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இந்தப் பட்டப்படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் வாயில் வந்ததைச் சொல்வதில்லை. உட்காரவைத்து, தாளில் எழுதித்தான் பேசுகிறேன். அந்தத் தாளில் என்ன எழுதுகிறேன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் எழுதுவது, ஏன் இந்தப் பாடம் என்ற கேள்வி. "கலெக்டர் ஆகணும்" என்பதுதான் பத்தில் எட்டுப் பேரின் பதில். இந்த இடத்தில் நாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். குடிமைப்பணித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். அரசியல் அறிவியல் படித்தவருக்கென்று தனி வாசல் எதுவும் அங்கே இல்லை. அங்கே 'அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்' என்ற விருப்பப் பாடம் இருக்கிறது. இரண்டு தாள், ஒவ்வொன்றும் 250 மதிப்பெண். பொது அறிவுத் தாள்களில் இரண்டாவது முழுக்க அரசமைப்பு, ஆட்சிமுறை, சமூக நீதி, பன்னாட்டு உறவு. நேர்முகத்தையும் சேர்த்து மொத்தம் 2025 மதிப்பெண்; அதில் இந்த மூன்று தாள்கள் மட்டும் 750. ஆகவே மூன்றாண்டு ஒழுங்காகப் படித்தவனுக்கு உதவி இருக்கிறது. ஆனால் அதே விருப்பப் பாடத்தைப் பொறியியல் படித்தவர்களும் எடுத்து எழுதுகிறார்கள், வெற்றியும் பெறுகிறார்கள். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பலருக்குத் தெரியாது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1, தொகுதி 2 தேர்வுகளும் இப்படித்தான். பட்டம் வேண்டும், எந்தப் பட்டம் என்பது பெரும்பாலான பதவிகளுக்குப் பொருட்டில்லை. இந்தியாவின் அரசமைப்பு என்ற பகுதி எல்லாத் தொகுதியிலும் உண்டு.

"வக்கீல் ஆகணும்" என்று சொல்கிற பிள்ளைக்கு என் பதில் வேறு. அந்த முடிவு பிளஸ் டூவிலேயே உறுதியாக இருந்தால், மூன்றாண்டு பி.ஏ.வும் அதன்பின் மூன்றாண்டு எல்எல்.பி.யும் சேர்ந்து ஆறு ஆண்டு எதற்கு? ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப்படிப்புக்கு நேராக விண்ணப்பிக்கட்டும். திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2021இல் வந்த சட்டத்தின்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றோடு சட்டப் படிப்புக்கும் அது உண்டு. முடிவு உறுதியில்லை, ஆனால் வாதாடப் பிடிக்கும் என்கிற பிள்ளைக்கு முதலில் பி.ஏ. அரசியல் அறிவியல் நல்ல தேர்வு. பிறகு மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போக, பொதுப்பிரிவினருக்குப் பட்டத்தில் 45 விழுக்காடு மதிப்பெண் தேவை. மற்றப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

ஆசிரியர் ஆக விரும்புகிறவருக்கு இப்போது நான் சொல்வது: பி.ஏ., எம்.ஏ., பி.எட். என்று ஏழு ஆண்டுக் கணக்குப் போடு. இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடம் இருக்கட்டும். முதுகலை ஆசிரியர் பணித் தேர்வில் அதைப் பார்ப்பார்கள். நடுவில் பாடம் மாறினால் சிக்கல். ஏழு ஆண்டு காத்திருக்க வீட்டில் வசதி இல்லை, ஆனால் ஆசிரியர் ஆகியே தீர வேண்டும் என்றால், பி.ஏ. வரலாறு எடு, அரசியல் அறிவியலைத் துணைப்பாடமாகவோ சொந்த வாசிப்பாகவோ வைத்துக்கொள். இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. நான் விரும்பும் பாடத்திலிருந்து நல்ல மாணவனை நானே திருப்பி அனுப்புகிறேன். ஆனாலும் அந்த மஞ்சள் பை கண்ணில் நிற்கிறது.

கலெக்டரும் வக்கீலும் வாத்தியாரும் இல்லாமல், "சார், எனக்கு இது பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்கிற பிள்ளைகளும் உண்டு. எண்ணிக்கையில் குறைவு. அவர்களைத்தான் நாம் விட்டுவிடக் கூடாது. இதழியல், ஆய்வு, சமூகப்பணி, பொது நிர்வாகம், தேர்தல் ஆய்வு, தொண்டு நிறுவனங்கள் என்று அவர்கள் போகும் இடங்கள் பல. எதற்கும் முதுநிலைப் படிப்பு ஒன்று தேவைப்படும். அதனால் அவர்களுக்கும் ஐந்தாண்டுத் திட்டம்தான், மூன்றாண்டுத் திட்டம் இல்லை.

அடுத்து, எங்கே படிப்பது. எந்தக் கல்லூரியில் எந்தப் பட்டம் என்ற பட்டியலை இந்த மேடையில் வாசிக்க மாட்டேன். ஒரு பிரிவைத் தொடங்குவார்கள், ஒன்றை மூடுவார்கள். அந்தந்த ஆண்டுக் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கதையின் சாரமே. நம் மாவட்டக் கலைக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில், ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிக்கலாம். தமிழ், ஆங்கில இலக்கியம் தவிர்த்த பாடங்களுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. மேல்நிலையில் அரசியல் அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. அறிவியல் பிரிவு மாணவரும் வரலாம். உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னையில் மாநிலக் கல்லூரி போன்ற பழைய கல்லூரிகள் இருக்கின்றன.

நம் மாவட்டத்துக்கு மட்டும் இன்னொரு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். விளவங்கோடு பிள்ளைகளுக்குத் திருநெல்வேலியைவிட அது பக்கம். ஆனால் கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு இளநிலைப் படிப்பு வந்துவிட்டது. மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காம் ஆண்டு தொடர்ந்தால் ஆனர்ஸ். தமிழ்நாட்டில் மூன்றாண்டுதான். டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் நான்காண்டு. எதைத் தேர்ந்தாலும் அடுத்த படிப்புக்குப் போகும்போது அது எப்படிக் கணக்காகும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

டெல்லி என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். நம் பிள்ளைகள் போகக் கூடாதா? மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு 2022இல் தொடங்கியது. 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் அதில் ஒன்று. அரசியல் அறிவியல் அதில் ஒரு பாடம். தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் வகுப்பு தமிழில் நடக்காது. முதல் ஆண்டு ஆங்கிலத்தில் திணறுகிற பிள்ளைக்குக் கை கொடுக்க ஆள் வேண்டும். இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

மொழி பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. இது பணத்தைவிடப் பெரிய விஷயம், ஆனால் பள்ளிகளில் யாரும் பேசுவதில்லை. மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2010இல் வந்த சட்டம். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது. பள்ளியிலிருந்து அந்தப் பதவிக்குரிய கல்வித்தகுதி வரை எல்லாம் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்த ஒரு மீனவக் கிராமத்துப் பெண், கௌரவம் என்று நினைத்து ஆங்கிலவழி பி.ஏ.வில் சேர்ந்தால், பட்டப்படிப்புத் தரத்திலான பணிகளில் அந்த முன்னுரிமையை இழக்கிறாள். அதே பெண் டெல்லிக்கோ ஆய்வுத்துறைக்கோ போக விரும்பினால் ஆங்கிலவழிதான் உதவும். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டையும் அவள் முன் வைத்து, அவளும் வீட்டாரும் முடிவெடுக்கட்டும். தெரியாமல் இழப்பதுதான் கொடுமை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். பயிற்றுமொழிச் சான்றிதழ் கேட்டு வரும் பழைய மாணவரை அலையவிடாதீர்கள். அந்தத் தாளில் ஒரு வேலை இருக்கிறது.

உதவித்தொகை விவரம் உங்களுக்குத் தெரியும் என்பதால் வேகமாகக் கடக்கிறேன். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில். வெளிமாநிலம் போகும் பிள்ளைகள் எதற்குத் தகுதி, எதற்கு இல்லை என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டறிய வேண்டும். நான் முதல்வன் திட்டத்தில் குடிமைப்பணித் தேர்வுக்கு ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து மாத உதவித்தொகை கொடுக்கிறார்கள். அது பட்டம் முடிக்கும் தறுவாயில் தேவைப்படும் செய்தி, இப்போதே காதில் போட்டு வையுங்கள்.

சரி, சேர்ந்துவிட்டான். மூன்றாண்டில் என்ன படிப்பான்? பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டோடு முடிந்துவிடும். பகுதி மூன்றுதான் முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். அரசியல் கோட்பாடு, பிளேட்டோவிலிருந்து தொடங்கும் மேலைச் சிந்தனை, கௌடில்யரிலிருந்து காந்தி, அம்பேத்கர், பெரியார் வரை வரும் இந்தியச் சிந்தனை, இந்திய அரசமைப்பு, பிரிட்டன் அமெரிக்கா சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் ஆட்சிமுறை ஒப்பீடு, பொது நிர்வாகம், பன்னாட்டு உறவுகள், தமிழக அரசியல், உள்ளாட்சி. தலைப்பைக் கேட்டால் கனமாக இருக்கிறது. பல பிள்ளைகள் இதை நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள். அப்படிக் கடந்தவர்கள்தான் பிறகு, "இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது?" என்கிறார்கள்.

எனக்கு இந்தப் பாடத்தில் இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் நம் மாவட்டம். நாஞ்சில் நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அரசியல் அறிவியலின் பாதிப் பாடம் வீட்டு வாசலில் கிடக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். என் பேச்சில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

இறையாண்மை என்றால் என்ன? போதெனும் ஹாப்சும் என்ன சொன்னார்கள் என்று எழுதிப்போட்டால் பிள்ளை கொட்டாவி விடுவான். 1947 ஜூன் மாதம் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர், பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். அதாவது நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நாகர்கோவில் இந்தியாவில் இல்லாத ஓர் ஊராக ஆகியிருக்கலாம். ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் திவான் வெட்டுப்பட்டார்; சில நாட்களில் மன்னர் இந்தியாவில் சேரச் சம்மதித்தார். ஒரு சமஸ்தானம் "நான் தனி" என்று சொன்னால் அது தனியாகிவிடுமா? யார் ஏற்க வேண்டும்? படை வேண்டுமா, மக்கள் சம்மதம் வேண்டுமா? இந்தக் கேள்விகளோடு ஹாப்சுக்குப் போனால் ஹாப்ஸ் புரிகிறார்.

உரிமை என்ற பாடத்துக்குத் தோள்சீலைப் போராட்டம் இருக்கிறது. 1859 ஜூலை 26இல் வந்த அரசு அறிவிப்பு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது, ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் கூடாது என்றது. நிபந்தனையோடு கொடுக்கப்படுவது உரிமையா, சலுகையா? இந்த ஒரு வரியை வைத்து ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். சட்டமன்றம் பற்றிய பாடமா? இந்தியச் சமஸ்தானங்களிலேயே முதல் சட்டசபை 1888இல் திருவிதாங்கூரில் அமைந்தது, எட்டு உறுப்பினர்கள். 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை. மன்னராட்சியில் எதற்குச் சபை, அதற்கு என்ன அதிகாரம் இருந்தது என்று கேட்கவைக்கலாம்.

மொழிவாரி மாநிலங்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தன. மார்ஷல் நேசமணியின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். சிலையும் மணிமண்டபமும் பார்த்திருப்பார்கள். ஆனால் 1954ஐ அரசியல் அறிவியல் மாணவனாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களில் வென்றது. 19 இடங்கள் மட்டுமே வைத்திருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, 45 இடங்கள் வைத்திருந்த காங்கிரசின் வெளியாதரவோடு முதலமைச்சர் ஆனார். கூட்டணி, சிறுபான்மை அரசு, வெளியாதரவு என்று புத்தகத்தில் வரும் சொற்கள் எல்லாம் இங்கே உயிரோடு நடந்தவை. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு. உயிர்கள் போயின. அப்போது பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. தன் கட்சியின் முதலமைச்சரையே பதவி விலகச் சொன்னார். தாணுப்பிள்ளை விலகவில்லை. கட்சிக்குள் பிளவு முற்றி, லோகியா பிறகு தனிக் கட்சி கண்டார்.

பிளஸ் டூ வகுப்பில் இதைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு முதலமைச்சரைக் கட்சிப் பொதுச்செயலாளர் விலகச் சொல்லலாமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. பின்பெஞ்சில் எப்போதும் வாய் திறக்காத ஒரு பிள்ளை எழுந்து, "சார், எங்க தாத்தா புதுக்கடையில இருந்தார்" என்றாள். அதற்குமேல் நான் பாடம் நடத்தவில்லை, அவள் நடத்தினாள்.

கூட்டாட்சிக்கு உதாரணம் வேண்டுமா? பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போங்கள். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. மாநிலங்களுக்கிடையே தகராறு வந்தால்? நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004 முதல் தண்ணீர் வரவில்லை. விளவங்கோட்டு விவசாயியின் வீட்டுப் பிள்ளைக்கு இது செய்தி இல்லை, வாழ்க்கை. தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போனது. மாநிலமும் மாநிலமும் வழக்காடினால் அது கீழ்நீதிமன்றத்தில் தொடங்காது. அரசமைப்பின் 131ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் மூல அதிகாரம் இது. எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லாமலே மனதில் நின்றுவிடும்.

ஆகவே கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு நான் கொடுக்கும் திட்டம் சுருக்கமானது. முதல் ஆண்டு முழுக்க அரசமைப்பைக் கையில் வைத்திரு. தமிழிலேயே அதிகாரபூர்வப் பதிப்பு இருக்கிறது. வழிகாட்டிப் புத்தகம் வேண்டாம், மூலத்தைப் படி. அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; 1946 டிசம்பர் 9இல் தொடங்கி ஏறத்தாழ மூன்று ஆண்டு பேசியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படிக்க முடியாது. உனக்குப் பிடித்த ஒரு பிரிவை எடுத்து, அதற்கு யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று தேடு. ஆங்கிலம் அந்தத் தேடலில் தானாக வரும். நாளிதழ்த் தலையங்கத்தை மனப்பாடம் செய்வதைவிட இது மேல் என்பது என் அனுபவம். துணைப்பாடம் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கொடுத்தால் பொருளியலை எடு. புள்ளியியலைக் கண்டு ஓடாதே. தேர்தல் ஆய்வு, கொள்கை ஆய்வு எதற்குப் போனாலும் விழுக்காடும் சராசரியும் தெரியாமல் முடியாது.

இரண்டாம் ஆண்டு வெளியே போ. ஊராட்சியில் இருக்கும் பிள்ளை கிராம சபைக்குப் போகட்டும். ஆண்டுக்கு ஆறு நாள் நடக்கிறது. அதில் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். நமக்கு அது இணைப்பு நாளும்கூட, உள்ளூர் விடுமுறை வேறு, போகாமல் இருக்கச் சாக்கே இல்லை. ஆனால் நம் மாவட்டத்தில் ஊராட்சிகள் 95தான். பேரூராட்சிகள் நிறைய. தென்னந்தோப்பும் வயலும் சூழ்ந்த ஊர் பேரூராட்சியாக இருக்கும், அங்கே கிராம சபை கிடையாது. ஏன் கிடையாது? 73ஆம் திருத்தத்துக்கும் 74ஆம் திருத்தத்துக்கும் என்ன வேறுபாடு? பேரூராட்சியிலிருந்து ஊராட்சியாக மாறினால் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு என்ன ஆகும்? இதைக் கேட்டு அலைந்து எழுதினால் ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை தயார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடச் சொல்லுங்கள். பதில் வருகிறதோ இல்லையோ, பதில் வராவிட்டால் மேல்முறையீடு எங்கே என்று தேடும்போது பொது நிர்வாகம் பாடம் முடிந்துவிடும்.

மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது, முடியும்போது அல்ல, அடுத்த படிப்பை முடிவு செய்துவிட வேண்டும். மத்தியப் பல்கலைக்கழக முதுநிலைப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. விண்ணப்பம் கடைசிப் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே வந்து போய்விடும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை இருக்கிறது, புதுச்சேரியில், ஐதராபாத்தில் இருக்கிறது. கல்லூரியில் ஒருவரும் சொல்லாவிட்டால், பள்ளி ஆசிரியரான நாம் ஒரு போன் செய்து நினைவுபடுத்தக் கூடாதா? பிளஸ் டூ சான்றிதழ் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்றுதான் நானும் அப்போது நினைத்தேன்.

ஒரு நண்பர் காலையில் கேட்டார்: அரசியல் அறிவியல் படித்தால் பையன் கட்சி, கொடி என்று போய்விடமாட்டானா? பெற்றோரும் இதைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து, கொடி பிடித்துப் போகிறவர்களில் இந்தப் பாடம் படித்தவர்கள் குறைவு. படித்தவன் போனாலும், தேர்தல் அறிக்கையை வாசித்துவிட்டுப் போவான். பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா எந்தக் கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தார்? 1969இல் காமராஜரை நாகர்கோவில் இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய நம் தாத்தா பாட்டிகள் என்ன பட்டம் பெற்றிருந்தார்கள்? அரசியல் இங்கே எப்போதும் இருக்கிறது. அதைப் படிப்பாகப் படிக்கிறவர்கள்தான் குறைவு.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் குறைந்தவனை மட்டும் "தேர்ட் குரூப்புக்குப் போ" என்று சொல்லாதீர்கள். வகுப்பில் நிறையக் கேள்வி கேட்கிற, முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையிடமும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவள் போகாமல் இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு பாதை நல்ல மாணவிக்கும் உண்டு என்று அவள் காதில் விழட்டும்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் விடமாட்டீர்கள். ஓராண்டு வீணானது. பிறகு தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. முடித்தான், காலையில் அப்பாவோடு பால் வெட்டு, பகலில் படிப்பு. பி.எட். முடித்தான். இப்போது முதுகலை ஆசிரியர் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்கு முட்டுவலி, வேலைக்குப் போவதில்லை.

போன ஜனவரியில் எங்கள் பள்ளிக்கு வந்து பிளஸ் டூ மாணவர்களிடம் பேசச் சொன்னேன். தயங்கிக்கொண்டே வந்தான். ஒரு மாணவி, "அண்ணா, எம்.ஏ., பி.எட். எல்லாம் முடிக்க எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டாள். நான் ஏதாவது சமாளித்துச் சொல்வான் என்று நினைத்தேன். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். கல்லூரிக் கட்டணம், பஸ் செலவு, தேர்வுக் கட்டணம், எந்த மாதம் கைக்கு உதவித்தொகை வந்தது, எந்த மாதம் வரவில்லை, எந்த விண்ணப்பத்துக்கு எந்தச் சான்றிதழ் கேட்டார்கள், அதை வாங்க எத்தனை நாள் அலைந்தான் என்று தேதிவாரியாக எழுதி வைத்திருந்தான். நான் எழுதிக் கொடுக்காத திட்டத்தை அவனே எழுதியிருக்கிறான். அவன் அனுமதியோடு, பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பக்கங்களை நகலெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பது பிரதிதான் இருக்கிறது. ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்கள் இருவருக்கு ஒன்றாக எடுத்தால் எல்லோருக்கும் வரும்.